மென்பொருளுக்கு முன் ஒரு படம்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்த எல்லோருக்கும் முறைமை விருத்தி வாழ்க்கை வட்டம் மனப்பாடம். தேவைகளை எப்படித் திரட்டுவது என்று வினா வந்தால் நேர்காணல், வினாக்கொத்து, அவதானிப்பு, ஆவணங்களைப் பரிசீலித்தல் என்று நான்கு விடயங்களை எழுதிப் புள்ளிகளைப் பெற்றுக்கொள்வோம். ஆனால் நேர்காணலில் ஒருவர் அரை மணித்தியாலம் பேசிய பிறகு, அந்தப் பேச்சிலிருந்து "முறைமை இதைச் செய்தல் வேண்டும்" என்ற ஒரு வரி எப்படிப் பிறக்கிறது? அந்த இடம் எனக்கு நீண்ட நாட்களாகப் புதிராகவே இருந்தது. அதற்கு இருக்கும் வழிகளில் ஒன்றை, சென்ற நோன்பு விடுமுறையில் எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்ததை வைத்து இங்கே விளக்குகிறேன். வேலை நடக்கும் விதத்தை முதலில் ஒரு படமாக வரைய வேண்டும். பிறகு அந்தப் படத்தின் ஒவ்வொரு துண்டிடமும் கேள்வி கேட்க வேண்டும். மென்பொருளின் தேவைகள் அந்தக் கேள்விகளின் விடைகளிலிருந்து வருகின்றன. இதற்குப் பெயர் வணிகச் செயன்முறை மாதிரியிலிருந்து தேவைகளைத் திரட்டல்.

நேரடியாகவே கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். என் உம்மா வீட்டில் அபாயா தைத்துக் கொடுக்கிறார். "உம்மா, உங்களுக்கு என்ன மாதிரி மென்பொருள் வேணும்?" என்று கேட்டேன். "கணக்குப் பார்க்கிறதுக்கு ஒண்டு இருந்தா நல்லம் மகள்" என்றார். அவ்வளவுதான். அதே உம்மாவிடம் "நேற்று வந்த ஓடர் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டால், பேச்சு நிற்க அஸர் ஆகிவிடும். மனிதர்களுக்குத் தங்கள் வேலை தெரியும். அந்த வேலைக்குக் கணினியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் யோசித்துப் பார்த்த விடயமல்ல. அதனால் தெரிந்ததைக் கேட்டு, தெரியாததைப் படத்திலிருந்து எடுப்பது நல்லது.

வேலையைப் படமாக வரைவது கணினிக்கு முந்திய பழக்கம். 1921இல் அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத் என்ற கணவனும் மனைவியும் பொறிமுறைப் பொறியியலாளர் சங்கத்தில் செயன்முறை வரைபடம் பற்றிய கட்டுரையொன்றை முன்வைத்தார்கள். தொழிற்சாலையில் ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு படியையும் சிறு சின்னங்களால் காட்டும் முறை அது. லிலியன் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். பிற்காலத்தில் சமையலறையில் பெண்கள் வீணாக நடக்கும் தூரத்தைக் குறைப்பதற்கும் இதே பார்வையைப் பயன்படுத்தினார். (எங்கள் வீட்டுக் குசினியை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.) இன்று உலகெங்கும் அதிகம் பாவிக்கப்படும் குறியீட்டு முறை பீ.பீ.எம்.என். எனப்படுகிறது. 2004இல் அதன் முதற் பதிப்பு வந்தது. 2011இல் இரண்டாம் பதிப்பும், 2013இல் ஐ.எஸ்.ஓ. சர்வதேச நியம அங்கீகாரமும் கிடைத்தன.

எமது பாடத்தில் வரும் தரவுப் பாய்ச்சல் வரைபடத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தரவுப் பாய்ச்சல் வரைபடம் தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் காட்டும். எது முதலில் நடக்கிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, "இல்லை" என்று பதில் வந்தால் என்ன நடக்கும் என்பவை அதில் தெரியாது. செயன்முறை மாதிரியில் இவைதான் முக்கியம்.

சின்னங்கள் இலகுவானவை. மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு. மூலை மழுங்கிய பெட்டி ஒரு வேலை. சாய்சதுரம் பாதை பிரியும் இடம். அதற்குள் பெருக்கல் அடையாளம் இருந்தால் ஒரு வழியில் மட்டும் போகலாம், கூட்டல் அடையாளம் இருந்தால் எல்லா வழிகளிலும் சமகாலத்தில் போக வேண்டும். மணிக்கூடு வரைந்த வட்டம் நேரத்துக்காகக் காத்திருத்தல். ஓரம் மடிந்த தாள் ஒரு தரவு. இவை எல்லாவற்றையும் நீச்சல் தடாகத்தின் தடங்கள் போன்ற நீண்ட கீற்றுக்களுக்குள் வரைய வேண்டும். ஒவ்வொரு தடமும் ஒருவருக்குரியது. ஒரே நிறுவனத்துக்குள் வேலை நகர்வதற்கு முழுக்கோட்டு அம்புக்குறி. வெளியாளுக்கும் நமக்கும் இடையில் செய்தி போவதற்குத் துண்டுக்கோட்டு அம்புக்குறி. இவ்வளவும் தெரிந்தால் ஆரம்பிக்கலாம். கணினி கூடத் தேவையில்லை. நான் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தேன்.

இனி உம்மாவின் வேலை. உம்மா சொன்ன கதையில் ஆறு பெட்டிகள்தான் இருந்தன: ஓடர் எடுத்தல், அளவெடுத்தல், வெட்டுதல், தைக்கக் கொடுத்தல், ஸ்திரி போடுதல், கொடுத்துக் காசு வாங்குதல். மூன்று நாட்கள் பக்கத்தில் இருந்து பார்த்து வரைந்தபோது பெட்டிகள் பத்தொன்பது ஆயின. தடங்கள் நான்கு. வாடிக்கையாளர், உம்மா, தங்கள் வீடுகளிலிருந்தே கூலிக்குத் தைத்துத் தரும் இரண்டு தாய்மார், வெட்டிய துணியைச் சைக்கிளில் கொண்டு போய்க் கொடுத்துத் தைத்ததைக் கொண்டு வரும் தம்பி. தம்பி தனித் தடம் கேட்டு அடம்பிடித்தான். அவன் கேட்டது நியாயம். துணி எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாத நேரங்களில் பெரும்பாலும் அது அவனுடைய சைக்கிள் கூடையில்தான் இருக்கும்.

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் என் ராத்தா விடுமுறைக்கு வந்திருந்தார். அவருடைய பதவி வணிகப் பகுப்பாய்வாளர். நிரல் எழுதுவோருக்கும் பாவிப்போருக்கும் நடுவில் நின்று, என்ன தேவை என்பதைக் கண்டுபிடித்து எழுதித் தருவதுதான் அவரது தொழில். தகவல் தொழினுட்பத்துறை என்றால் இராப்பகலாக நிரல் எழுதுவதுதான் என்று நினைக்கும் பெற்றோர் இப்படியும் ஒரு தொழில் இருப்பதை அறிந்திருப்பது நல்லது. கேட்கவும் எழுதவும் தெரிந்த பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். மொழிப் பாடத்தில் கெட்டிக்காரியாக இருப்பவள் இங்கே பின்தங்க மாட்டாள்.

ராத்தா படத்தைப் பார்த்துவிட்டு முதலில் சாய்சதுரங்களில் விரலை வைத்தார். "இந்த இடத்தில தீர்மானம் எடுக்கிறது யார்? எதைப் பார்த்து எடுக்கிறாங்க?" என்று கேட்டார். எங்கள் படத்தில் மிகப் பெரிய சாய்சதுரம் "பெருநாளைக்கு முன் முடியுமா?" என்பது. ஓடர் வரும்போதே உம்மா இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். உம்மா எதைப் பார்க்கிறார்? அலுமாரித் தட்டில் வெட்டாமல் கிடக்கும் துணிகளைப் பார்க்கிறார். பிறகு "இன்ஷா அல்லாஹ், நோன்பு இருபத்தேழுக்கு வாங்க" என்கிறார். தைப்பவர்களின் வீடுகளில் முடியாமல் கிடப்பவை எத்தனை என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. படத்தில் பார்த்தால் தைப்பவர்களின் தடத்திலிருந்து அந்தச் சாய்சதுரத்துக்கு ஓர் அம்புக்குறி கூட வரவில்லை. தகவலே வராத இடத்தில் தீர்மானம் மட்டும் எடுக்கப்படுகிறது.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த இரண்டு தாய்மார். கடைசிப் பத்து நோன்பில் தராவீஹ் தொழுதுவிட்டு வந்து ஸஹர் வரைக்கும் இயந்திரத்தின் முன் இருந்திருக்கிறார்கள். துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிதான், இரவில் தைத்தாலும் பகலில் தைத்தாலும் ஒன்றுதான். அவர்களில் ஒருவரிடம் நான் படத்தைக் காட்டியபோது, அவர் தன் தடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஓடர் எடுக்கக்குள்ள எங்கிட்டயும் ஒரு சொல்லுக் கேட்டா நல்லம் புள்ள" என்றார். உம்மாவின் மீது எந்தக் கோபமும் இல்லாமல்தான் சொன்னார். அந்த ஒரு சொல்தான் எங்கள் பட்டியலின் முதலாவது தேவை ஆயிற்று: "புதிய ஓடர் ஒன்றை ஏற்கும் நேரத்தில், தைப்பவர் ஒவ்வொருவரிடமும் முடியாமல் உள்ள துண்டுகளின் எண்ணிக்கையை முறைமை காட்டுதல் வேண்டும்." உம்மாவிடம் நூறு முறை நேர்காணல் செய்திருந்தாலும் இது வந்திருக்குமா என்பது சந்தேகம். ஏனென்றால் உம்மாவின் பக்கத்தில் அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. சொன்ன நாளில் ஏறத்தாழ எல்லா உடுப்புகளும் வந்து சேர்ந்துவிடும். எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பது அடுத்த தடத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

சாய்சதுரங்களுக்கு அடுத்து ஓரம் மடிந்த தாள்கள், அதாவது தரவுகள். இங்கே கேள்வி மிக எளிது. இந்தத் தரவை எழுதுவது யார், வாசிப்பது யார்? எழுதுபவர், வாசிப்பவர் என்று இரண்டு நிரல்களைப் போட்டு நிரப்பினால் இரண்டு விதமான ஓட்டைகள் தெரியும். ஒன்று, எங்கும் எழுதப்படாமல் வாசிக்கப்படும் தரவு. "போன முறை அளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போகும் வாடிக்கையாளரின் அளவு அப்படிப்பட்டது. பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் காபன் பிரதியில் சில வேளை இருக்கும், பல வேளை உம்மாவின் ஞாபகத்தில்தான் இருக்கும். மற்றது, எழுதப்பட்டும் எவராலும் வாசிக்கப்படாத தரவு. பற்றுச்சீட்டில் முகவரிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. உம்மா ஒழுங்காக நிரப்புகிறார். பத்தொன்பது பெட்டிகளில் ஒன்று கூட அதை வாசிக்கவில்லை. முதலாவதற்கு ஒரு தேவை எழுதினோம். இரண்டாவதை விட்டுவிட்டோம். எல்லாவற்றையும் சேமித்து வைப்போம், பிறகு உதவும் என்று நினைப்பது இலகு. ஆனால் ஒருவருடைய முகவரியைத் தேவையில்லாமல் சேமித்து வைத்தால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் நம் தலையில் விழுகிறது.

கூலிக் கணக்கில் இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் "கூலி கொடுத்தல்" என்ற பெட்டி வருகிறது. அது "இந்தக் கிழமை தைத்த எண்ணிக்கை" என்ற தரவை வாசிக்கிறது. அந்த எண்ணிக்கை இரண்டு இடங்களில் இருந்தது, உம்மாவின் மனதிலும் தைப்பவரின் வீட்டுச் சுவர்க் கலண்டரில் போட்ட கோடுகளிலும். இதுவரை இரண்டும் பெரிதாக முரண்படவில்லை என்பது அந்த மனிதர்களின் நேர்மையைக் காட்டுகிறது. முறைமை ஒன்றை உருவாக்கும்போது ஒரே எண்ணை இருவரும் பார்க்க வேண்டும். உம்மா மட்டும் பார்க்கக்கூடிய எண்ணாக அதை வைத்தால், கலண்டரில் கோடு போட்டவர் தன் கையில் இருந்த சான்றை இழந்துவிடுவார். கணினி வந்ததால் ஏழையின் கணக்கு எடுபடாமல் போவது சரியல்ல என்பது என் கருத்து. ராத்தாவும் அதை ஏற்றுக்கொண்டு தேவையாக எழுதினார்.

தடங்கள் சொல்வது அணுகல் உரிமையை. யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று ஒவ்வொரு தடத்திடமும் கேட்க வேண்டும். தைக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட வேகமாகத் தைப்பவர். தன் கையில் முடியாமல் இருக்கும் எண்ணிக்கையை மற்றவர் பார்ப்பதை மெதுவாகத் தைப்பவர் விரும்பவில்லை. ஆகவே உம்மாவுக்கு இருவரின் எண்ணும் தெரியும், அவர்களுக்குத் தத்தமது எண் மட்டுமே தெரியும் என்று முடிவாயிற்று.

இப்போது நான் மிகவும் யோசித்த இடத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் தடத்திலிருந்து உம்மாவின் தடத்துக்குத் துண்டுக்கோட்டில் "முற்பணம்" என்ற செய்தி வருகிறது. துண்டுக்கோடு கண்ட இடமெல்லாம் "அனுப்புவது யார், எதன் வழியாக, வராவிட்டால் என்ன?" என்று கேட்பது ராத்தாவின் வழக்கம். உடுப்பை வாங்குபவர்தானே பணம் தருபவர் என்று கேட்டார். உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எப்போதும் அப்படியில்லை என்றார். ஒவ்வொரு நோன்பிலும் ஒருவர் வந்து, இன்ன வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்புத் தைத்துக் கொடுங்கள், யார் தந்தது என்று சொல்ல வேண்டாம் என்று காசைக் கொடுத்துவிட்டுப் போவாராம். அந்த வீட்டுக்காரரிடம் உம்மா என்ன சொல்வார் என்பது உம்மாவுக்கும் அவர்களுக்கும் மட்டுமே தெரியும். வீட்டில் வளர்ந்த எனக்கே இது அன்றுதான் தெரிய வந்தது.

சாதாரணமாக எவரும் எழுதும் நிரலில் ஓடருக்கு ஒரு பெயர், ஒரு தொலைபேசி இலக்கம், ஒரு மீதித்தொகை இருக்கும். உடுப்புத் தயாரானதும் அந்த இலக்கத்துக்கே குறுஞ்செய்தி போகும். அப்படியானால் தர்மம் செய்தவரின் பெயரிலேயே ஓடர் பதிவாகும், அல்லது வாங்கும் வீட்டாருக்கு "மீதி செலுத்துக" என்ற செய்தி போகும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் இருந்த ஒரு காரியத்தை ஒரு குறுஞ்செய்தி ஒரு நொடியில் கெடுத்துவிடும். ஆகவே தேவை இப்படி எழுதப்பட்டது: "பணம் செலுத்துபவரும் உடுப்பைப் பெறுபவரும் வெவ்வேறு நபர்களாக இருப்பதை முறைமை அனுமதித்தல் வேண்டும். செலுத்துபவரின் பெயரைப் பதிவு செய்வது கட்டாயமாக இருத்தலாகாது. பெறுபவருக்குச் செல்லும் எந்தச் செய்தியிலும் பற்றுச்சீட்டிலும் செலுத்துபவரின் விபரம் தோன்றலாகாது." தரவுத்தளம் படிப்பவர்களுக்கு இதன் விளைவு உடனே விளங்கும். வாடிக்கையாளர் என்ற ஒரே அட்டவணைக்குள் எல்லாவற்றையும் போட முடியாது. ஓடரும் கொடுப்பனவும் தனித்தனியே நிற்க வேண்டும். ஒரு துண்டுக்கோட்டைப் பற்றிக் கேட்ட கேள்வி அட்டவணை அமைப்பையே மாற்றிவிட்டது.

பெட்டிகளிடம் கேட்பது வேறு கேள்வி. இந்த வேலை கையால் நடக்கட்டுமா, ஒருவர் கணினியின் உதவியோடு செய்யட்டுமா, கணினியே செய்யட்டுமா? பீ.பீ.எம்.என். முறையில் இதற்கென்றே பெட்டியின் மூலையில் கை, மனித உருவம், பற்சில்லு என்று மூன்று சிறு சின்னங்கள் இருக்கின்றன. கைச் சின்னம் போட்ட பெட்டியிலிருந்து மென்பொருள் தேவை எதுவும் வராது. வெட்டுதல் உம்மாவின் கைக்குரியது. எந்தத் துணி சுருங்கும், எதற்கு ஓர் அங்குலம் கூட விட வேண்டும் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். பத்தொன்பதில் பதினொரு பெட்டிகளுக்குக் கைச் சின்னமே போட்டோம். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ராத்தாவுக்கு அது சந்தோசம். எழுத வேண்டிய நிரல் குறைகிறதல்லவா!

மணிக்கூட்டு வட்டம் எங்கள் படத்தில் ஒன்றுதான் இருந்தது, வாடிக்கையாளர் வந்து எடுக்கும் வரை காத்திருத்தல். அதிலிருந்து வந்தது நினைவூட்டல் பற்றிய சிறு தேவை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுத் தையலில் ஒரு பெட்டியைத் தவறவிட்டால் ஓர் உடுப்புப் பிந்தும். பெரிய இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு மென்பொருள் பொறியியல் படிப்பவர்கள் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் உதாரணம் இலண்டன் அம்புலன்ஸ் சேவை. 1992 வரை அங்கே எல்லாம் தாளில்தான் நடந்தன. அழைப்பை எடுப்பவர் விபரங்களைப் படிவத்தில் எழுதி, வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடிக் குறித்து, நகரும் பட்டியில் போடுவார். படிவங்கள் ஓரிடத்தில் சேரும். அங்கே ஒருவர் அவற்றைப் பார்த்து, ஒரே விபத்தைப் பற்றிய இரட்டை அழைப்புகளை ஒதுக்கிவிட்டு, நகரின் மூன்று பிரிவுகளில் எதற்குரியது என்று தீர்மானித்து அனுப்புவார். அதன் பிறகு எந்த வண்டியை அனுப்புவது என்று இன்னொருவர் முடிவு செய்வார். மெதுவான முறைதான், மாற்ற வேண்டிய முறைதான்.

1992 ஒக்டோபர் 26இல் கணினியே வண்டியைத் தெரிவு செய்யும் புதிய முறைமைக்கு மாறினார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பது கணினிக்கு எப்போதும் சரியாகத் தெரியும் என்ற எடுகோளின் மீது அது கட்டப்பட்டிருந்தது. உண்மையில் ஊழியர்கள் பொத்தானை அழுத்தப் பிந்துவார்கள், ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியில் போவார்கள், வானொலித் தொடர்பு சில இடங்களில் கிடைக்காது. கணினியிடமிருந்த தகவல் உண்மையிலிருந்து விலக விலகப் பிழையான ஒதுக்கீடுகள் கூடின. விதிவிலக்குச் செய்திகள் திரையில் குவிந்து, பழையவை பார்வையிலிருந்து மறைந்தன. அம்புலன்ஸ் வராததால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தார்கள், அந்த அழைப்புகள் சுமையை மேலும் கூட்டின. அடுத்த நாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4ஆம் திகதி அதிகாலையில் முறைமை முற்றாக நின்றுபோக, மறுபடியும் தாளுக்கே போனார்கள்.

இதைப் பற்றிய விசாரணை அறிக்கை 1993 பெப்ரவரியில் வெளிவந்தது. அதில் என்னைத் திடுக்கிட வைத்த விடயம் ஒன்று உண்டு. நவம்பர் 4இல் நடந்தது நிரல் வழு. ஆனால் ஒக்டோபர் 26, 27ஆம் திகதிகளில் கணினி தொழினுட்ப ரீதியாகப் பழுதடையவே இல்லை. பெரும்பாலும் அது வடிவமைக்கப்பட்டபடியே இயங்கியது. படிவங்கள் சேரும் இடத்தில் இருந்து இரட்டை அழைப்புகளைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கியெடுத்தவரை நினைத்துப் பாருங்கள். படத்தில் அவர் ஒரு சிறு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருந்த வேலையைப் புதிய முறைமை அவரளவுக்குச் செய்யவில்லை. பின்னர் 1996இல் அதே சேவை, ஊழியர்களையும் சேர்த்துக்கொண்டு படிப்படியாக வளர்த்த வேறொரு கணினி முறைமைக்கு மாறியது. அது நின்று நிலைத்தது.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எண்ணக் கூடாது. என்ன செய்ய வேண்டும் என்ற செயற்பாட்டுத் தேவைகள் படத்திலிருந்து நன்றாக வரும். எவ்வளவு விரைவாக, எவ்வளவு பாதுகாப்பாக, எவ்வளவு இலகுவாக என்ற செயற்பாடல்லாத் தேவைகள் படத்தின் கோடுகளில் இல்லை. உம்மா வெட்டும்போது கையில் சோக்குத் தூளும் நூல் தும்பும் இருக்கும். அந்தக் கையால் தொலைபேசியில் சிறு எழுத்துக்களைத் தட்ட முடியாது. ஆகவே எண்ணைத் தட்டாமல் பெரிய பொத்தானைத் தொடும்படியாகவோ, குரலில் சொல்லும்படியாகவோ இருக்க வேண்டும். தைப்பவர்களில் ஒருவருக்கு எண்கள் நன்றாகத் தெரியும், வாசிப்பு அவ்வளவாக வராது. மின்சாரம் போனாலும் அன்றைய பட்டியல் கையில் இருக்க வேண்டும். இவை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததால் கிடைத்தவை. படம் வரைவதற்காக மூன்று நாட்கள் அங்கே இருந்தது இதற்கும் உதவியது.

தேவைகளை எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அது எந்தப் பெட்டியிலிருந்து அல்லது சாய்சதுரத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும். பிறகு வேலை நடக்கும் விதம் மாறினால் எந்தத் தேவையைத் திருத்த வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை. எந்தச் சின்னத்தையும் சுட்டிக்காட்ட முடியாத தேவை ஒன்று பட்டியலில் இருந்தால் அதைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். என் பட்டியலில் "அழகான வரைபுகளுடன் மாதாந்த அறிக்கை" என்று ஒன்று இருந்தது. "இதை வாசிக்கிற பெட்டி எது?" என்று ராத்தா கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்ததால் வந்தது, வெட்டப்பட்டது. அதே போல ஒவ்வொரு தேவையும் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "முறைமை வேகமாக இருத்தல் வேண்டும்" என்பதை எவராலும் சோதிக்க முடியாது. "ஓடர் ஒன்றைப் பதிவு செய்ய ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கலாகாது" என்பதை மணிக்கூட்டைப் பார்த்துச் சோதிக்கலாம்.

முப்பத்தொரு தேவைகளுடன் ஆரம்பித்த பட்டியல் பன்னிரண்டில் வந்து நின்றது. அந்தப் பன்னிரண்டில் ஏழுக்கு மென்பொருளே தேவையில்லை என்பதும் தெரிந்தது. உதாரணமாக முதலாவது தேவை. இஷாவுக்குப் பிறகு தைப்பவர்கள் இருவரும் கையில் உள்ள எண்ணிக்கையை வட்ஸ்அப்பில் ஓர் எண்ணாக உம்மாவுக்கு அனுப்புகிறார்கள். உம்மாவின் ஓடர் கொப்பியில் அடிமட்டம் வைத்து ஒரு புதிய நிரல் கீறப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது நாள் சொல்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்த ஓடர்களில் நான்கைந்தை "இந்த முறை ஏலாது" என்று திருப்பியனுப்பினார். வருமானம் அந்த அளவுக்குக் குறைந்தது உண்மை. தைப்பவர்கள் இருவரும் அந்தப் பெருநாள் இரவில் நேரத்தோடு தூங்கினார்கள் என்பதும் உண்மை.

மீதி ஐந்து தேவைகளுக்கான சிறு நிரலை ராத்தா ஓய்வு நாட்களில் எழுதி வருகிறார், சோதிப்பது என் பொறுப்பு. எங்கள் பட்டியலை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதினொன்றுக்கும் தலையாட்டினார். ஒன்றுக்கு மட்டும் இடைமறித்து, "அந்தப் பேர் போன்ல எங்கயும் வராதுதானே?" என்று கேட்டார். அது 4ஆம் இலக்கத் தேவை. அதை எப்படிச் சோதிப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த நோன்புக்கு முன் அந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.